நின்ற இடம்

நிலக்காட்சிப் படம் என்றதும் மலையும் கடலும் மேகமும் நினைவுக்கு வருகின்றன. தற்படம் என்றதும் எடுத்தவரின் முகம். ஒன்றில் ஆளே இல்லை. மற்றொன்றில் ஆளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. அதனால் கண்காட்சியில் இரண்டையும் வேறு வேறு சுவரில் மாட்டுகிறார்கள். போட்டி வைத்தால் வேறு வேறு பிரிவில் சேர்க்கிறார்கள். தன்னைப் பற்றிச் சொல்ல நினைப்பவர் கேமராவைத் தன் பக்கம் திருப்ப வேண்டும், உலகத்தைப் பற்றிச் சொல்ல நினைப்பவர் வெளியே திருப்ப வேண்டும் என்று ஒரு கணக்கு நமக்குள் இருக்கிறது. அந்தக் கணக்கு ஓவியத்துக்கு ஓரளவு பொருந்தலாம், கேமராவுக்குச் சரிவராது என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது. காரணம் மிகச் சாதாரணமானது. ஓவியர் தான் ஏறாத மலையை வரையலாம். வீட்டுக்குள் உட்கார்ந்து கடலை வரையலாம். ஒரே படத்தில் மலையைக் கீழிருந்தும் ஆற்றை மேலிருந்தும் காட்டலாம். கேமராவுக்கு அந்தச் சலுகை கிடையாது. படத்தில் விழுந்திருக்கும் ஒவ்வொரு கல்லும் புல்லும் ஒரே ஒரு புள்ளியிலிருந்து பார்க்கப்பட்டவை. அந்தப் புள்ளிக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒருவர் போயிருக்கிறார். அவர் உருவம் படத்தில் இல்லாவிட்டாலும் அவர் நின்ற இடம் இருக்கிறது.

தற்படத்தில் இது தலைகீழாகிறது. கேமராவுக்குப் பின்னால் நிற்க வேண்டியவர் எழுந்து முன்னால் வந்துவிட்டார். அவர் விட்டுவந்த இடம் காலியாகக் கிடக்கிறது. நிலக்காட்சியில் எடுப்பவர் பார்க்கிறார், படத்தில் தெரிவதில்லை. தற்படத்தில் தெரிகிறார், ஆனால் பார்க்க முடிவதில்லை. ஒரே உடம்பு ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்ற இந்தச் சின்னச் சங்கடத்திலிருந்துதான் இரண்டு வகைப் படங்களும் பிறக்கின்றன. எடுத்தவர் அந்தச் சங்கடத்தை எப்படிச் சமாளித்தார் என்று பார்த்தால் அவர் யார் என்பது ஓரளவு பிடிபடும் என்பது என் வாதம். முகத்தைப் பார்த்தோ மலையைப் பார்த்தோ அது பிடிபடுவதில்லை.

பழைய படங்களிலிருந்து தொடங்குவோம். கேமராவில் எடுக்கப்பட்டு இன்று வரை பிழைத்திருக்கும் படங்களில் மிகப் பழையது, பிரான்சில் நிசெஃபோர் நியெப்ஸ் 1826 அல்லது 1827-இல் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. தார் போன்ற நிலக்கீல் பூசிய வெள்ளீயக் கலவைத் தகடு அது. இப்போது அமெரிக்காவில் ஆஸ்டின் நகரில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கூரைகளும் சுவர்களும் மங்கலாகத் தெரியும். உற்றுப் பார்த்தால் ஒரு விசித்திரம் உண்டு: இடப்பக்கச் சுவரிலும் வெயில், எதிரே வலப்பக்கச் சுவரிலும் வெயில். குறைந்தது எட்டு மணி நேரம், ஒருவேளை அதைவிட அதிகமாகவும், அந்தத் தகடு வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. காலை வெயிலும் மாலை வெயிலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிட்டன. இப்படி ஒரு காட்சியை நியெப்ஸ் உட்பட எந்த மனிதக் கண்ணும் கண்டதில்லை. ஆனால் எந்த வீட்டு மாடியிலிருந்து, எந்த ஜன்னலிலிருந்து என்பதில் மட்டும் ஐயமே இல்லை. நேரம் குழம்பிப்போன படத்தில்கூட நின்ற இடம் குழம்பவில்லை.

இதற்கு நேர் எதிரான படம் 1839-இன் இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் எடுக்கப்பட்டது. ராபர்ட் கொர்னீலியஸ் என்பவர் குடும்பத்தாரின் விளக்குக் கடைக்குப் பின்புறம், திறந்தவெளியில், கேமராவை வைத்து மூடியைத் திறந்துவிட்டு, அதன் முன்னால் வந்து அசையாமல் இருந்தார். பத்துப் பதினைந்து நிமிடம் இருந்திருப்பார் என்பது பொதுவான கணிப்பு. கலைந்த தலை, மார்பின் குறுக்கே மடித்த கைகள், கொஞ்சம் சந்தேகப்படும் பார்வை. இன்று எடுத்த படம் போலவே இருக்கிறது என்று இதைப் பார்க்கிற எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவர் படத்தின் நடுவில் இல்லை என்பது. ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறார். ஸ்டூடியோக்காரர் ஒருவர் எடுத்திருந்தால் ‘சார், கொஞ்சம் இந்தப் பக்கம்’ என்று நகர்த்தியிருப்பார். நகர்த்த ஆள் இல்லை. ஏனென்றால் நகர்த்த வேண்டியவரே முன்னால் வந்து நிற்கிறார். அந்த விலகல், கேமராவுக்குப் பின்னால் யாரும் இல்லாததன் சாட்சி. கொர்னீலியஸ் சில ஆண்டுகள் படம் எடுத்துவிட்டு மறுபடி விளக்கு வியாபாரத்துக்கே போய்விட்டார். ஆனால் தகட்டின் பின்புறம், வெளிச்சத்தால் எடுத்த முதல் படம் இது என்று பெருமையாக எழுதி வைத்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த ஆண்டே பிரான்சில் ஒருவர் இந்தக் காலி இடத்தைக் கலையாக மாற்றிவிட்டார். இப்போலித் பயார் நிதித்துறையில் வேலை பார்த்தவர். காகிதத்தில் நேரடியாகப் படம் விழச்செய்யும் முறை ஒன்றைத் தானே கண்டுபிடித்து, 1839 ஜூன் மாதமே பாரிஸில் 30 படங்களை மக்கள் பார்வைக்கு வைத்தார். ஆனால் அரசு ஆண்டுக்கு 6000 ஃபிராங்க் ஓய்வூதியம் கொடுத்தது, வேறொரு முறையைக் கண்டுபிடித்திருந்த டாகெருக்கு. பயாருக்குக் கருவி வாங்கிக்கொள்ள 600 ஃபிராங்க் கிடைத்ததோடு சரி. 1840 அக்டோபரில் பயார் தன்னைப் பிணமாகப் படமெடுத்தார். இடுப்பில் துணி, வெற்று மார்பு, மூடிய கண், ஒருபக்கம் சாய்ந்த தலை, சுவரில் தொங்கும் ஒரு வைக்கோல் தொப்பி. படத்தின் பின்புறம் ஒரு நீண்ட குறிப்பு: இது நீரில் மூழ்கி இறந்த பயாரின் உடல், பிணவறையில் பல நாளாகக் கிடக்கிறது, உரிமை கோரி யாரும் வரவில்லை, முகமும் கையும் அழுகத் தொடங்கிவிட்டன, நாற்றம் தாங்காது, நகர்ந்து போங்கள் என்ற பொருளில். வெயிலில் கறுத்திருந்த முகமும் கையும் படத்தில் இன்னும் கறுப்பாக விழுந்திருக்கின்றன. அதையே அழுகல் என்று கதையில் சேர்த்துக்கொண்டார். பல நிமிடம் அசையாதிருக்க வேண்டிய காலத்தில் பிணம்தான் மிக வசதியான வேடம் என்பதையும் கவனிக்கலாம். கண் இமைத்துப் படம் கெட்டுவிடுமே என்ற கவலை இல்லை.

முகம் உண்மையைச் சொல்லிவிடும் என்று நம்புபவர்களுக்குப் பயார் வைத்த முதல் முட்டுக்கட்டை இது. அந்தப் படத்தில் முகம் சொல்வது முழுப் பொய். அவர் சாகவில்லை, 1887 வரை வாழ்ந்தார். ஆனால் படம் சொல்லும் மனக்குறை முழு உண்மை. குறையைச் சுமந்தது முகமா? இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரை, தன்னையே திரும்பிப் பார்க்க முடியாத நிலையில் இருப்பவரை, பார்க்க ஆளில்லாத கேமரா ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஏற்பாடுதான் சுமந்தது. தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற வழக்கை, யாரும் பார்க்காமல் எடுத்த படத்தால் வாதாடினார் பயார். 185 ஆண்டுகளுக்குப் பிறகும் தற்படக்காரர்களில் இவ்வளவு கச்சிதமாக யோசித்தவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். நின்ற இடம் என்று இவ்வளவு சொல்கிறீர்களே, கருவியை எங்கோ ஓரிடத்தில் வைத்துத்தானே ஆக வேண்டும்? எல்லாப் படத்துக்கும் நின்ற இடம் உண்டு என்றால், எல்லாப் படமும் தன்வெளிப்பாடு என்றாகிவிடுமே. நில அளவைக்காரரின் படமும் அப்படித்தானா? ஆம், நில அளவைக்காரரின் படத்திலிருந்தே இதற்குப் பதில் சொல்லலாம். அமெரிக்க மேற்குப் பகுதியை அளக்கப் போன குழுவில் இருந்த டிமத்தி ஓ’சல்லிவன், 1869-இல் யூட்டாவின் வெபர் பள்ளத்தாக்கில் ‘சூனியக்காரிப் பாறைகள்’ என்று பெயர் பெற்ற பாறைகளை எடுத்தார். அறிவியலுக்கான பதிவு என்றே வெகுகாலம் கருதப்பட்டது. 1970-களின் கடைசியில் ஒரு குழு அந்தப் பழைய படங்கள் எடுத்த இடங்களைத் தேடிப்போய், அதே இடத்தில் நின்று மறுபடி படமெடுத்தது. 1978-இல் அந்தப் பாறைகளின் முன்னால் கேமராவை நிறுத்திய ரிக் டிங்கஸ், நேராக வைத்தால் படம் பொருந்தவில்லை என்று கண்டார். ஓ’சல்லிவன் கேமராவைச் சாய்த்து வைத்திருக்கிறார். தானும் சாய்த்தபோதுதான் இரண்டு படமும் ஒன்றாயின. பாறையை இன்னும் பயங்கரமாக்க ஒருவர் கையால் செய்த காரியம் அது. 109 ஆண்டு கழித்து இன்னொருவர் அவர் காலடியில் போய் நின்றபோதுதான் வெளியே வந்தது.

எதிர்ப்பக்கச் சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. மதராஸ் அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லினேயஸ் ட்ரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைப் படமெடுத்தார். கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்து, 21 பிரிண்ட்களை ஒட்டினார். நீளம் 19 அடி. அரசு வேலைக்குத் தேவைப்பட்டது எழுத்து வாசிக்கத் தெரிய வேண்டும் என்பதுதான். எடுத்தவர் நின்ற இடம் அழிய வேண்டும். 21 இடம் இருந்தால் ஓரிடமும் இல்லை என்று பொருள். அதே ட்ரைப், அதற்கு முன் 1855-இல் பர்மாவுக்குப் போனபோது, நெகடிவில் வெறும் வெள்ளையாக விழுந்த வானத்தில் தூரிகை கொண்டு மேகம் தீட்டினார். அன்றைய ரசாயனம் நீலத்துக்கு அளவுக்கு மீறி இளகியது, மேகம் பதியாது. கல்வெட்டில் தன்னை அழித்துக்கொண்டவர் வானத்தில் திரும்பி வந்துவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆகவே எல்லாப் படமும் தன்வெளிப்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். நின்ற இடத்தை ஒருவர் தேர்ந்தெடுத்தாரா, ஏற்றுக்கொண்டாரா, மறைத்தாரா என்று கேட்கலாம் என்கிறேன். அது சான்று வைத்துக் கேட்கக்கூடிய கேள்வி. மனத்தை ஊகிக்கும் வேலை இல்லை.

நின்ற இடம் எவ்வளவு ஆழமாகப் படத்தில் பதிந்திருக்கிறது என்பதற்கு என்னிடமுள்ள சிறந்த சாட்சி அமெரிக்க ஒளிப்படக்காரர் ஆன்ஸல் ஆடம்ஸின் ‘நிலவு எழுதல், ஹெர்னாண்டஸ், நியூ மெக்சிகோ’. சாயங்காலம் காரில் போய்க்கொண்டிருந்தவர் சாலையோரம் ஒரு சிற்றூரையும் இடுகாட்டையும் பார்த்தார். வெள்ளைச் சிலுவைகள்மேல் கடைசி வெயில். அப்பால் பனிமலைமேல் முழு நிலவை எட்டும் நிலா. வண்டியை நிறுத்தி, பத்துக்கு எட்டு அங்குலக் கேமராவை அவசரமாக நிறுவினார். லைட் மீட்டர் கையில் அகப்படவில்லை. ஆனால் நிலவின் வெளிச்சம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதிலிருந்து கணக்குப் போட்டு, எஃப் 32-இல் ஒரு நொடி திறந்தார். இரண்டாவது தகட்டுக்கு முன் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது. இவ்வளவு நுணுக்கமாக எல்லாம் நினைவில் வைத்திருந்த மனிதர், எந்த ஆண்டு எடுத்தோம் என்பதை மட்டும் வேறு வேறாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வானியலாளர்கள்தான் தீர்த்துவைத்தார்கள். முதலில் வந்த ஒரு கணக்கு 1941 அக்டோபர் 31 என்றது. பிறகு டென்னிஸ் டி சிக்கோ அதைச் சரிபார்த்து, 1991-இல் 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று வெளியிட்டார். மலையும் நிலவும் ஒன்றுக்கொன்று எங்கே நிற்கின்றன என்பதை வைத்து, பார்த்தவரின் காலடியையும் கடிகாரத்தையும் கணக்கிட முடிந்தது. நினைவு தவறிய இடத்தில் படம் தவறவில்லை.

அப்படியானால் வெளிப்பாடு எல்லாம் அந்த ஒரு நொடியோடு முடிந்துவிட்டதா? முடியவில்லை, என் வாதத்துக்கு ஆடம்ஸ் தொல்லை கொடுப்பதும் இங்கேதான். ஒரே நெகடிவ், அதிலிருந்து அவர் பிற்காலம் வரை 1300-க்கு மேல் பிரிண்ட் போட்டார். நேராக ஒரு பிரிண்ட் எடுத்தால் வானம் நடுத்தரச் சாம்பல், நிறைய மேகக் கீற்றுகள். தொடக்கக் காலப் பிரிண்ட்களில் அவை தெரிகின்றன. 1948-இல் அவர் நெகடிவின் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தில் வலுவாக்கினார். பிறகு வந்த பிரிண்ட்களில் வானம் ஆண்டுக்கு ஆண்டு கறுத்து, கடைசியில் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. நிலவு மட்டும் துளை போட்டது போல நிற்கிறது. ஆடம்ஸ் இளமையில் பியானோ கலைஞராகப் பயின்றவர். நெகடிவை இசைக் குறிப்பாகவும் பிரிண்டைக் கச்சேரியாகவும் ஒப்பிடுவார். நம் வழக்கில் சொன்னால், கிருதி ஒன்றுதான், பாடும் வயதுக்கு ஏற்ப அது கனக்கிறது. 39 வயதில் சாலையோரம் நின்றவர் வேறு, எழுபதைத் தாண்டி இருட்டறையில் நின்றவர் வேறு. நின்ற இடம் என்று நான் சொல்வதை ஒரு நொடிக்குச் சுருக்கினால் இந்த இரண்டாமவரை இழந்துவிடுவோம். ஆகவே என் வரையறையைக் கொஞ்சம் அகட்டிக்கொள்கிறேன்: ஒருவர் தான் நின்ற இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதும் அதில் சேரும். மறுபடி மறுபடி போகாதவரின் ஒரு படத்தை வைத்து அவரைப் பற்றி எதுவும் சொல்ல எனக்குத் துணிவு வராது.

திரும்பிப் போவதைப் பற்றிப் பேசும்போது இன்னோர் அமெரிக்க ஒளிப்படக்காரரான ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸைத் தவிர்க்க முடியாது. 1922-இல், 58 வயதில், நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ஏரிக்கரையில் அவர் மேகங்களை எடுக்கத் தொடங்கினார். தூண்டியது ஒரு குத்தல்: அவர் எடுத்த மனிதப் படங்களின் வலிமைக்கு, எதிரே உட்கார்ந்தவர்களை அவர் வசியம் செய்துவிடுவதுதான் காரணம் என்று ஒரு விமர்சகர் எழுதியிருந்தார். மேகத்தை வசியம் செய்ய முடியாது. அது எல்லோருக்கும் பொது. வரியும் கிடையாது என்று அவரே வேடிக்கையாகச் சொன்னார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டில் 200-க்கு மேல் மேகப்படங்கள். அவற்றுக்கு ‘ஈக்விவலன்ட்ஸ்’, அதாவது நிகரானவை என்று பெயர். தன் உள்ளத்தில் நிகழ்ந்ததற்கு நிகர் என்பது பொருள். பல படங்களில் அடிவானம் இல்லை, மரம் இல்லை; எது மேல் எது கீழ் என்பதே தெரியாது.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் திணை நினைவுக்கு வராமல் போகாது. முல்லை என்றால் காத்திருத்தல், நெய்தல் என்றால் இரங்கல். நிலத்தைச் சொன்னாலே உள்ளத்தைச் சொன்னதாகும், பேசுபவரின் பெயரைச் சொல்லக்கூடாது. ஸ்டீக்லிட்ஸ் செய்ததும் அதுதான் என்று உடனே சொல்லிவிடும் ஆசை நமக்கு எழும். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திணை ஊரறிந்த ஒப்பந்தம். கேட்பவருக்கும் பாடுபவருக்கும் ஒரே அகராதி. ஸ்டீக்லிட்ஸிடம் அப்படி ஓர் அகராதி இல்லை. இந்தக் கறுத்த மேகம் துக்கமா, மழை வரும் என்ற மகிழ்ச்சியா? யாருக்குத் தெரியும்? இதையே வைத்து, இவை வெறும் வானிலைப் படங்கள், உணர்ச்சியெல்லாம் தலைப்பில்தான் இருக்கிறது என்று ஒருவர் மறுத்தால், ஒரு தனிப் படத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. ஆனால் 200 படங்களை வரிசையில் பார்க்கும்போது வேறொன்று தெரிகிறது. ஏரி, மலை, வீடு என எல்லாம் இருந்த இடத்தில், ஒரு மனிதர் கழுத்தை ஒடித்து மேலே பார்த்துக்கொண்டே இருக்கிறார். தரையைச் சட்டகத்திலிருந்து வெட்டித் தள்ளிக்கொண்டே இருக்கிறார். மேகத்தின் பொருள் தெரியாவிட்டாலும் இந்தப் பிடிவாதத்தின் பொருள் தெரிகிறது. நின்ற இடத்தையே இல்லாமல் செய்ய ஆசைப்பட்டவர் அவர்.

ஜப்பானின் மசாஹிசா ஃபுகாசே இன்னும் கடினமான வழக்கு. 1973-இல் அவர் தன் மனைவி யோகோ காலையில் வேலைக்குக் கிளம்புவதை மாடி ஜன்னலிலிருந்து நாள்தோறும் எடுத்தார். கீழே நின்று அண்ணாந்து சிரிக்கிறார், நாக்கை நீட்டுகிறார், குடை பிடிக்கிறார். 1976-இல் மணமுறிவு. அந்தக் காலத்தில், பிறந்த மண்ணான ஹொக்காய்டோவுக்கு ரயிலில் போகும்போது அண்டங்காக்கைகளை எடுக்கத் தொடங்கியவர், 1982 வரை விடவில்லை. 1986-இல் ‘காக்கைகள்’ புத்தகமாக வந்தது. பனிமேல் கரும்புள்ளிகள், இரவு மரத்தில் ஃபிளாஷ் வெளிச்சத்தில் மின்னும் கண்கள். தானே காக்கையாகிவிட்டேன் என்றார் இறுதியில். மணமுறிவுக் கதை தெரியாமல் இதைப் பார்த்தால் இத்தனை துயரம் தெரியுமா என்று கேட்கலாம். தெரியாது என்றே நினைக்கிறேன். கதை தெரிந்தபின் நாம் காக்கையில் எதையும் வாசித்துவிடுவோம், அந்த வாசிப்பு மலிவானது. கதையை ஒதுக்கிவிட்டு, இரண்டு தொடர்களிலும் கேமரா இருந்த இடத்தை மட்டும் பாருங்கள். முதலாவதில் மேலே ஒரு ஜன்னல், கீழே ஒரு பெண். இடத்தை மாற்ற வேண்டியதில்லை, அவள் மறுநாளும் வருவாள். இரண்டாவதில் அவர் கீழே, பறவை மேலே. கூட்டம் எழும் பக்கமெல்லாம் ஓடுகிறார், படம் ஆடுகிறது, மணல்மணலாகப் பொரிகிறது. 1991-இல் கடைசியாகக் குளியல் தொட்டிக்குள் இறங்கி, தண்ணீருக்குள்ளும் வேலை செய்யும் கேமராவால் தன் முகத்தையே எடுத்தார். ஜன்னலிலிருந்து வெட்டவெளிக்கு, வெட்டவெளியிலிருந்து தொட்டிக்கு என்று இடம் மாறிக்கொண்டே வருவதைச் சொல்ல மணமுறிவுக் கதை தேவையில்லை.

இன்னொரு மறுப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தற்படத்தில் ஷட்டரை வேறொருவர் அழுத்தினால்? ஃபின்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழும் ஆர்னோ ரஃபாயல் மின்கினென் இதில் மிகக் கறார். ஏரிக்கரைகளிலும் பனியிலும் பாறை விளிம்பிலும் தன் கையும் காலும் முதுகும் நிலத்தின் பகுதியாகிவிடும் படங்களை அரை நூற்றாண்டாக எடுத்துவருகிறார். இரண்டு படத்தை ஒட்டுவதில்லை, பிறரை வியூஃபைண்டரில் பார்க்க விடுவதும் இல்லை. பார்த்தால் அது அவர்கள் படமாகிவிடும் என்பது அவர் கட்சி. டைமரை முடுக்கிவிட்டு, சில நொடிக்குள் தண்ணீருக்குள் போய் மூச்சடக்க வேண்டும். பெங்களூரின் புஷ்பமாலா இதற்கு நேர்மாறு. 2000-க்கும் 2004-க்கும் இடையில் ஒளிப்படக்காரர் கிளேர் ஆர்னியைக் கேமராவின் பின்னால் நிறுத்திவிட்டு, தென்னிந்தியப் பெண்களைப் பற்றிய பழைய படங்களைத் தன் உடம்பால் மறுபடி நடித்தார். ரவிவர்மாவின் லட்சுமியும் உண்டு, ‘இனமாதிரி’ என்று காலனிக் காலத்தில் பதிவான நீலகிரித் தோடரும் உண்டு. அங்கே கேள்வியே, கேமராவுக்குப் பின்னால் நிற்கும் உரிமை யாருக்கு இருந்தது, முன்னால் நிறுத்தப்பட்டது யார் என்பதுதான். அதைக் கேட்க அவர் முன்னால் போய் நின்றாக வேண்டும். பின்னால் இன்னொருவரும் நின்றாக வேண்டும். அமெரிக்காவில் 1977 முதல் 1980 வரை சினிமா ஸ்டில் போல் ஏறக்குறைய 70 படங்களில் தானே தோன்றிய சிண்டி ஷெர்மனோ, அவை தற்படங்களே இல்லை என்கிறார். அவர் சொல்வதை நம்பலாம். ஷட்டர் யார் விரலில் என்பதைவிட, அந்தக் காலி இடத்தை ஒருவர் அறிந்து பயன்படுத்துகிறாரா என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

செல்ஃபியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள். அது தற்பெருமை, நோய் என்றெல்லாம் சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. பயாரைவிடத் தன்னிரக்கம் கொண்டவர் யார்? செல்ஃபியின் குறை வேறு. முன்பக்கக் கேமராவில் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்துகிறோம். காலி இடம் மறைந்துவிட்டது. கேமரா இருக்கும் தூரத்தை முடிவு செய்வது கை நீளம். உலகத்தில் எல்லோருக்கும் கை ஏறக்குறைய ஒரே நீளம்தான்; அதனால்தான் எல்லா முகமும் ஒரே கோணத்தில் கொஞ்சம் மூக்கு பெருத்து வருகிறது. நிலக்காட்சியிலும் இதற்கொரு ஜோடி உண்டு. கொடைக்கானலில் பில்லர் ராக்ஸுக்கு எதிரே கம்பி வேலி கட்டி ‘வியூ பாயிண்ட்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் வேலியில் சாய்ந்து எடுக்கிறார்கள். மேகம் விலகினால் பாறை கிடைக்கும். பாறை அழகுதான். ஆனால் எங்கே நிற்பது என்பதை வேலி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. கையும் வேலியும் செய்யும் வேலை ஒன்றே. இரண்டையும் மீறி நல்ல படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் செய்வது, போனைக் கல்மேல் சாய்த்து வைத்துவிட்டு விலகுவது, அல்லது வேலியை விட்டு இருபது அடி நகர்வது.

பின்னாலும் முன்னாலும் ஒரே நேரத்தில் இருக்க வழியே இல்லையா? சிலர் நிழலைப் பிடித்தார்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் எடுப்பவரின் நிழல் தானாகப் படத்துக்குள் விழும். சிகாகோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தபடி ஒரு லட்சத்துக்கும் அதிகமான நெகடிவ்களைச் சேர்த்து வைத்த விவியன் மையர், புல்தரையிலும் நடைபாதையிலும் தன் தொப்பி நிழலைத் திரும்பத் திரும்ப எடுத்தார். லீ ஃப்ரீட்லாண்டர் முன்னே நடக்கும் பெண்ணின் ரோமக் கோட்டு முதுகில் தன் தலை நிழலைக் கண்டார். கெட்டிக்காரத்தனமான தீர்வுதான். ஆனால் நிழல் வெயில் தருவது; அதன் அளவும் திசையும் எடுப்பவர் கையில் இல்லை.

ஆனா மெண்டியேட்டாவின் வழி வேறு. 1948-இல் ஹவானாவில் பிறந்தவர். 1961-இல், 12 வயதில், பெற்றோர் இல்லாமல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு அயோவாவில் வளர்ந்தார். 1973 முதல் 1980 வரை ‘சிலுவேட்டா’ என்ற தொடரை அயோவாவிலும் மெக்சிகோவிலும் செய்தார். தொடக்கத்தில் தானே மண்ணில், பூவின்கீழ், பாறையிடுக்கில் படுத்தார். பிறகு எழுந்துவிட்டார். தன் உருவத்தின் வரைவை மட்டும் நிலத்தில் விட்டார்; சேற்றில், பனியில், வெடிமருந்தில், தீயில். ஆளுயரப் பள்ளம் அங்கே கிடக்கும். அவர் கேமராவோடு தள்ளி நிற்பார். உடம்பின் அளவு முன்னால், உடம்பு பின்னால். இது நிலக்காட்சியா தற்படமா என்று பிரித்துச் சொல்ல எந்தக் கண்காட்சிச் சுவராலும் முடியாது. 1976-இல் மெக்சிகோவின் லா வென்டோசா கடற்கரையில் மணலில் அப்படி ஓர் உருவம் தோண்டி, அதில் சிவப்புச் சாயத்தை நிரப்பினார். அலை வந்தது. முதல் படத்தில் விளிம்புகள் தெளிவாக இருக்கின்றன. அடுத்தடுத்த படங்களில் நீர் உள்ளே புகுகிறது, தோள் கரைகிறது, சிவப்பு நுரையோடு கலந்து கடல் பக்கம் இழுபடுகிறது. பிறகு ஈர மணலில் ஒரு மங்கல் பள்ளம். ஒவ்வொரு தடவையும் கேமராவுக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டிருக்கிறார்.